பெயர் எழுதாத மாத்திரைக் கவரை வாங்காதீர்கள்

வயதானவர்கள் இருக்கும் வீட்டார் கட்டாயம் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா அறுபத்தைந்தைத் தாண்டியவர். குடிப்பழக்கம் கிடையாது. கடைவாய்ப் பல் வீங்கியதால் எங்கள் பகுதியில் உள்ள ஒரு கிளினிக்குக்குப் போனார். சின்னக் காகிதக் கவரில் மாத்திரை போட்டுக் கொடுத்தார்கள். கவரின் மேல் பேனாவால் "1-0-1" என்று எழுதியிருந்ததோடு சரி. மருந்துச் சீட்டு இல்லை, ரசீது இல்லை. உள்ளே கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டுகள். பெயர் இருந்த பக்கம் போய், சிவப்புக் கோட்டின் நுனியும் 625 என்ற எண்ணும் மட்டும் மிஞ்சியிருந்தன.

பல் வலி தீர்ந்தது. மாத்திரையும் முடிந்து சில வாரங்கள் ஆன பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பு தொடங்கியது. இரவெல்லாம் சொறிந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது, கண் மஞ்சளித்தது. அதே கிளினிக்கில், "தண்ணீர் சரியில்லை, காமாலை வந்திருக்கிறது" என்று குளுக்கோஸ் ஏற்றிப் பணத்தை வாங்கிக்கொண்டு, மறுபடியும் ஒரு காகிதக் கவரை நீட்டினார்கள்! முன்பு கொடுத்தது என்ன மாத்திரை என்று கேட்டேன். "பெயரைத் தெரிந்துகொண்டு என்னம்மா செய்யப் போகிறீர்கள்?" என்றார் டாக்டர். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொதிக்கிறது.

அரசு மருத்துவமனையில் காமாலைக் கிருமிகளுக்கான பரிசோதனை எதிலும் ஒன்றுமில்லை. ஸ்கேனில் பித்தப்பைக் கல்லும் இல்லை. அங்கிருந்த டாக்டர்தான், "கடந்த இரண்டு மாதத்தில் ஐயா என்னென்ன மாத்திரை சாப்பிட்டார்?" என்று முதன்முதலாகக் கேட்டார். அட்டைத் துண்டைக் காட்டியதும் அவருக்குச் சந்தேகம் தட்டியது. அமாக்ஸிசிலின் 500 மில்லிகிராமும் கிளாவுலானிக் அமிலம் 125 மில்லிகிராமும் சேர்ந்த கூட்டு மாத்திரையாக இருக்கலாம் என்றார். கிளினிக்கை விடாமல் நெருக்கிய பிறகே அதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இந்த மாத்திரை பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. பல உயிர்களைக் காப்பாற்றும் மருந்துதான். ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு, குறிப்பாக வயதான ஆண்களுக்கு, கல்லீரலில் பித்தம் வடியாமல் தேங்கிவிடுகிறது. பெரும்பாலும் கிளாவுலானிக் அமிலம்தான் காரணம். மருந்தை நிறுத்திப் பல வாரங்கள் கழித்தும் காமாலை வரலாம் என்பதால், பழைய பல் வலி மாத்திரை யார் நினைவுக்கும் வருவதில்லை. மருந்தின் பெயரே தெரியாவிட்டால் டாக்டர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

சிவப்புக் கோடு போட்ட அட்டை என்றால் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று பொருள். கிளினிக்கிலேயே மாத்திரை கொடுத்தாலும் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு அரிப்பு, கருத்த சிறுநீர், வெளுத்த மலம், மஞ்சள் கண் இவற்றில் எது வந்தாலும் கீழாநெல்லி அரைத்துக்கொண்டு காத்திருக்காமல் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாதபோது வெறும் பயத்தில், டாக்டரைக் கேட்காமல் நடுவில் மருந்தை நிறுத்தவும் வேண்டாம். பக்கவிளைவைப் புகாராகப் பதிய மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் கட்டணமில்லாத எண் இருக்கிறது: 1800-180-3024. நோயாளியின் வீட்டாரே பேசலாம்.

அப்பாவுக்கு மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கிவிட்டது. இந்தக் கூட்டு மருந்தை இனி ஆயுளுக்கும் தொடக் கூடாது என்று அவருடைய நோட்டின் முதல் பக்கத்தில் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், மருந்தின் முழுப் பெயரோடு.