டிரேடிங் கணினி: நான்கு திரைக்கு எந்த பிராசசர், எந்த கார்டு?

பங்குச் சந்தை டிரேடிங்குக்குக் கணினி என்று கேட்டால் கடைக்காரர்கள் கேமிங் கணினியைத்தான் எடுத்து வைக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டி, வண்ண விளக்கு, செங்கல் கனத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டு. 2022-இல் நான் வாங்கியது அதற்கு நேர் எதிர்: இன்டெல் கோர் ஐ5-12400, 32 ஜிபி ரேம், என்விஎம்இ எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் கார்டே கிடையாது. இன்றும் அதே பிராசசரில்தான் நிஃப்டி ஆப்ஷன் வர்த்தகம் செய்கிறேன், மாற்றத் தோன்றவில்லை.

சார்ட் மென்பொருளின் வேலையில் பெரும்பகுதி ஒரே ஒரு கோரின் தலையில்தான் விழுகிறது. இந்த பிராசசரில் 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள்). அவற்றில் ஒரு த்ரெட் முழுமூச்சில் ஓடினாலும் டாஸ்க் மேனேஜர் மொத்தக் கணக்கில் ஏறக்குறைய 8 சதவீதம் என்றே காட்டும். "சிபியு சும்மாதானே இருக்கிறது, சார்ட் ஏன் திணறுகிறது?" என்று குழம்புபவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். கோர் எண்ணிக்கையைக் கூட்டினால் இந்தத் திணறல் தீராது. ஒற்றைக் கோரின் வேகம்தான் தீர்க்கும். ஆப்ஷன் ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி நாளில் (முன்பு வியாழன், 2025 செப்டம்பர் முதல் செவ்வாய்) ஆப்ஷன் விலைகளின் பட்டியலான ஆப்ஷன் செயினும் பத்துப் பன்னிரண்டு சார்ட்டுகளும் திறந்திருக்கும்போது பிராசசருக்கு முன் ரேம்தான் நிரம்புகிறது. 16 ஜிபி போதும் என்பவர்கள் பிரவுசரில் அத்தனை டேப் திறப்பதில்லை போலும்.

பேக்டெஸ்ட், அதாவது வர்த்தக உத்தியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பது, செய்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அதற்கான அமிபுரோக்கர் மென்பொருளின் புரொஃபஷனல் பதிப்பு 32 த்ரெட் வரை பயன்படுத்தும், ஸ்டாண்டர்டு பதிப்பு இரண்டோடு நின்றுவிடும். ஆகவே கோருக்குப் பணம் கொடுக்கும் முன் கையில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பாருங்கள். பைத்தானில் சாதாரணமாக எழுதிய லூப் ஒரு கோரில்தான் ஓடும்.

பிறகு கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கியது மூன்றாவது, நான்காவது மானிட்டருக்காக. வேகத்துக்காக அல்ல. என்விடியா டி600: நான்கு மினி டிஸ்ப்ளேபோர்ட், 40 வாட். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினியின் பவர் சப்ளை) தனி ஒயர் வேண்டாம். 170 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 இதே சார்ட்டை இதைவிட அழகாக வரைந்துவிடாது. மின்தடையின்போது யுபிஎஸ்ஸைத்தான் சீக்கிரம் காலி செய்யும். மலிவான ஜிடி 1030-இல் பெரும்பாலும் இரண்டே போர்ட்டுகள். மதர்போர்டிலேயே அத்தனை இருக்கிறது.

டி600-இல் எனக்கு எரிச்சல் தந்தது கார்டு அல்ல, எச்டிஎம்ஐ அடாப்டர். மலிவாக வாங்கிய ஒன்று, சந்தை திறக்கும் 9.15-க்கென்றே காத்திருந்தது போல் திரையை அணைத்து அணைத்துப் போட்டது. நேரடியாக மினி டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டதும் அடங்கியது.

ஐ5-12400எஃப் விலை குறைவு என்று கடையில் வற்புறுத்துவார்கள். அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. பொசிஷன் (இன்னும் முடிக்காத வர்த்தகம்) திறந்திருக்கும் நேரத்தில் கார்டு செத்தால் திரை முழுவதும் இருட்டுதான். எஃப் இல்லாததில் கேபிளை மதர்போர்டுக்கு மாற்றிச் செருகி, பொசிஷனை முடித்துக்கொள்ளலாம்.

நான்கு மானிட்டருக்குப் பதில் 43 அங்குல 4கே திரை ஒன்றே போதும் என்றால் கார்டே வேண்டாம். மதர்போர்டின் எச்டிஎம்ஐ 2.0 அல்லது அதற்கு மேலா என்று மட்டும் பாருங்கள், 1.4 என்றால் 4கே-யில் 30 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும், மவுஸ் அம்புக்குறி கைக்குப் பின்னாலேயே இழுபடும்.