முதல் ஓப்பனிங்கைத் தேர்ந்தெடுக்க லிச்செஸ் எக்ஸ்ப்ளோரர் எப்படி?

செஸ் பழகுபவருக்கு மூன்று ஓப்பனிங் (ஆட்டத்தைத் தொடங்கும் நகர்த்தல் வரிசை) போதும்: வெள்ளைக்கு ஒன்று, கறுப்பில் வெள்ளையின் முதல் நகர்த்தலான இ4-க்கு எதிராக ஒன்று, டி4-க்கு எதிராக ஒன்று. அந்த மூன்றைத் தேட லிச்செஸ் என்ற இணையச் செஸ் தளத்தின் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர் அருமையான கருவி. 2010-இல் திபோ டுப்ளெசி தொடங்கிய தளம் இது. விளம்பரமும் கட்டணமும் இல்லை, நன்கொடையில் ஓடுகிறது. ஆனால் எந்தப் பிரிவை, எந்த ரேட்டிங்கை (ஆடுபவரின் திறனைக் காட்டும் எண்) வைத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது.

அனாலிசிஸ் போர்டைத் திறந்து புத்தகப் படத்தை அழுத்தினால் எக்ஸ்ப்ளோரர் வரும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் ஆட்டங்களின் எண்ணிக்கையும், வெள்ளை வெற்றி, டிரா, கறுப்பு வெற்றி மூன்றையும் காட்டும் பட்டையும் இருக்கும். மாஸ்டர்ஸ் பிரிவில் இருப்பவை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் 2200-க்கு மேற்பட்டவர்களின் ஆட்டங்கள். புதியவர் போக வேண்டியது லிச்செஸ் என்ற பிரிவுக்கு. அங்கே பற்சக்கரத்தை அழுத்தி ரேட்டிங்கில் 1000, 1200, 1400 மட்டும் வைத்து, அதிவேக ஆட்டங்களான புல்லட், பிளிட்ஸ் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். யோசிக்க நேரம் தரும் ரேபிட், கிளாசிக்கல் இருந்தால் போதும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? இத்தாலியன் என்ற ஓப்பனிங்கைப் பாருங்கள் (× என்றால் வெட்டுதல், எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி என்றால் கறுப்பின் நகர்த்தல்): 1.இ4 இ5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.பிஷப் சி4 குதிரை எஃப்6 4.குதிரை ஜி5. குறி எஃப்7 சிப்பாய். 4...டி5 5.இ×டி5. இங்கே மாஸ்டர்களின் வழக்கமான பதில் 5...குதிரை ஏ5. புதியவர்களில் குதிரையாலேயே டி5-ஐ வெட்டிவிடுபவர்கள் ஏராளம். அப்போது 6.குதிரை×எஃப்7 ராஜா×எஃப்7 7.ராணி எஃப்3 செக். டி5 குதிரை நகர்ந்தால் பின்னாலிருக்கும் ராஜா பிஷப்பின் தாக்குதலில் விழும் என்பதால் அது கட்டுண்டுவிட்டது, அதைக் காப்பாற்ற ராஜாவே இ6-க்கு வர வேண்டும். மாஸ்டர்ஸ் பிரிவை மட்டும் படித்தவருக்கு இந்த நிலை பலகையில் வரும்போது கை ஓடாது.

சதவீதத்தை மட்டும் நம்பினால் வேறொரு குழியில் விழுவோம். அதே இத்தாலியனில் 3...குதிரை டி4 என்றொரு பொறி. 4.குதிரை×இ5 என்று வெள்ளை ஆசைப்பட்டால் 4...ராணி ஜி5, குதிரையும் ஜி2 சிப்பாயும் ஒரே நேரத்தில் தாக்கப்படும். ஆனால் 4.குதிரை×டி4 இ×டி4 5.கேஸ்லிங் ஆடினால் வெள்ளையின் காய்கள் முந்திக்கொள்கின்றன, கறுப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. பொறி ஓப்பனிங்கின் வெற்றிக் கணக்கு எதிராளியின் தவறால் வருவது. எனவே எதிராளி சரியாக ஆடும் கிளையையும் திறந்து பார்த்த பிறகே ஓப்பனிங்கை முடிவு செய்யுங்கள். நூறு ஆட்டம்கூட இல்லாத கிளையின் சதவீதத்தைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

வெள்ளைக்கு எங்கள் பரிந்துரை இத்தாலியன். 1.டி4-இல் தொடங்கும் லண்டன் சிஸ்டம் மனப்பாடத்துக்கு எளிது, அதுவே அதன் குறை. எதிராளி என்ன ஆடினாலும் பிஷப்பை எஃப்4-இல் வைக்கப் பழகிவிடுகிறார்கள். 1.டி4 சி5 2.பிஷப் எஃப்4 சி×டி4 3.ராணி×டி4 குதிரை சி6 4.ராணி டி1 இ5: ராணி ஓடியது, இப்போது பிஷப்பும் ஓட வேண்டும். கறுப்பில் இ4-க்கு 1...இ5, டி4-க்கு 1...டி5 2.சி4 இ6. இரண்டும் காலம் தாங்கும்.

தேர்ந்தெடுத்ததை லிச்செஸின் குறிப்பேடு போன்ற ஸ்டடியில் சேமிக்கலாம். ஒரு ஸ்டடியில் 64 அத்தியாயம் வரை இடமுண்டு. அத்தியாயத்தை இன்டராக்டிவ் லெசன் முறையில் அமைத்தால் நகர்த்தலை நாமே ஆட வேண்டும், தளம் சரிபார்க்கும். வழக்கமாகச் செய்யும் தவறுகளையும் துணைக்கிளையாகச் சேர்த்து, ஏன் தவறு என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.

குறை இரண்டு. எந்த நகர்த்தல் ஏன் நல்லது என்று எக்ஸ்ப்ளோரர் சொல்லாது. அதைப் பயிற்சியாளரிடமோ புத்தகத்திலோதான் கேட்டறிய வேண்டும். மறந்துபோகும் நேரம் பார்த்துத் திரும்பக் கேட்கும் பயிற்சி முறையும் ஸ்டடியில் இல்லை, நினைவு வைத்து நாமேதான் புரட்ட வேண்டும்.

நாற்பது ஐம்பது ஆட்டம் ஆடியபின் எக்ஸ்ப்ளோரரின் பிளேயர் பிரிவில் உங்கள் பயனர் பெயரைக் கொடுங்கள். எந்தக் கிளையில் அதிகம் தோற்கிறீர்கள் என்பது பட்டையிலேயே தெரியும். ஸ்டடியில் அடுத்து சேர்க்க வேண்டிய அத்தியாயம் அதுதான்.