உப்புக் காற்றும் ஓ.பி. கணினியும்: ராமநாதபுரம் கடற்கரை கிளினிக்குகளில் மின்னணு மருத்துவப் பதிவு

ராமேஸ்வரத்தில் இருந்து நெஞ்சுவலியோடு ராமநாதபுரம் ஜி.எச்.சுக்கு வருபவரின் கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். உள்ளே இரண்டு மூன்று வருடத்து மருந்துச் சீட்டுகள், தீர்ந்துபோன மாத்திரை அட்டை, மடித்து மடித்துக் கிழிந்த ஈ.சி.ஜி. தாள். அவரை அனுப்பிய கிளினிக்கின் கணினியில் பிரஷர், சுகர், ஒவ்வாமை எல்லாம் தேதிவாரியாக இருக்கும். பாம்பன் பாலம் தாண்டி சுமார் 55 கிலோமீட்டர் அவர் வந்துவிடுவார், பதிவு வராது. தொண்டியில் இருந்து சாயல்குடி வரை சிறு கிளினிக் நடத்தும் மருத்துவர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் முதலில் வருகிற குறை இதுதான். எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான்.

இங்கே புழக்கத்தில் இருப்பவை மூன்று வகை. முதல் வகை, கணினியிலேயே நிறுவிக்கொள்வது. நெட் தேவையில்லை, பில் நன்றாகப் போடும், ஆனால் காப்பு நகல் எடுப்பது முழுக்க நம் பொறுப்பு. இரண்டாவது, வருடச் சந்தா கட்டி இணையம் வழியாகப் பயன்படுத்துவது. மூன்றாவது, கையால் எழுதிய சீட்டைப் படம் பிடித்து நோயாளியின் பெயரில் சேர்த்து வைப்பது. மாலை ஓ.பி.யில் 60 பேர் பார்க்கும் இடத்தில், தட்டச்சு ஆளுக்கு ஒரு நிமிடம் கூடினாலே ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அதனால் மூன்றாவது வகையில் தொடங்குவதுதான் சரி என்பது எங்கள் தீர்மானமான கருத்து. சீட்டு கையெழுத்தில் இருக்கட்டும். ஒவ்வாமை, நாள்பட்ட நோய், தொடர்ந்து சாப்பிடும் மருந்து, எடை–பிரஷர்–சுகர், அடுத்து வரவேண்டிய நாள் ஆகிய ஐந்தை மட்டும் தட்டச்சு செய்தால் போதும். இந்த ஐந்தும் தேடக்கூடிய எழுத்தாக இருந்துவிட்டால் மீதியைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இணைய வகையை விற்க வருபவர் "நெட் இல்லாவிட்டாலும் ஓடும்" என்பார். பணம் கட்டுவதற்கு முன் அவர் எதிரிலேயே கேபிளைப் பிடுங்கிவிட்டு, புதிய நோயாளி ஒருவரைப் பதியுங்கள், சீட்டு எழுதுங்கள், அச்சடியுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கேபிளைச் செருகினால் அந்த வருகை ஒரே ஒரு முறை ஏறியிருக்க வேண்டும். இரண்டு முறை ஏறினாலோ, பெயர் மட்டும் ஏறி மருந்து ஏறாமல் போனாலோ வாங்க வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில் நெட் போய் வருவது வாரம் ஒரு தடவையாவது நடக்கும்.

ஆள் அடையாளம்தான் இந்தக் கரையில் மிகக் கஷ்டமான வேலை. ஒரே தெருவில் நான்கு முனியசாமி, ஒரே குடும்பத்தில் இரண்டு அந்தோணி. அதே பெயரை ஆங்கிலத்தில் கவுண்டரில் ஒருவர் ஒரு விதமாகவும், லேபில் இன்னொருவர் வேறு விதமாகவும் எழுதுவார்கள். மென்பொருளுக்கு அவர்கள் இரண்டு ஆள். பிறந்த தேதி கைகொடுக்காது. தேதி தெரியாத பெரியவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டிருக்கும். போன் நம்பரை நம்பினால் இன்னும் மோசம். வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே நம்பர். நம்பரையே அடையாளமாக வைத்து ஓடும் மென்பொருளில் அம்மாவின் சுகர் மாத்திரை மகளின் பக்கத்தில் போய் உட்காரும். மகளின் கர்ப்பப் பரிசோதனை முடிவு அப்பாவின் போனுக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். தானாகப் போகும் லேப் குறுஞ்செய்தியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். கேட்பவருக்கு மட்டும், அவர் சொல்லும் நம்பருக்கு அனுப்பினால் போதும். தேடுவதற்குப் பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், ஊர், பிறந்த வருடம் ஆகிய நான்கும் சேர்ந்து ஒத்துப்போக வேண்டும். இரட்டைப் பதிவு கண்ணில் பட்டால் ஒன்றை அழிக்கக் கூடாது. பழைய எண்ணை வைத்துக்கொண்டு புதியதை அதோடு இணைக்க வேண்டும், ஏனென்றால் நோயாளியின் பையில் இருக்கும் சீட்டில் எந்த எண் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆபா எண் இதைத் தீர்க்கும் என்பது பாதி உண்மை. 2021 செப்டம்பரில் நாடு முழுதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் ஆளுக்கு ஆபா என்ற 14 இலக்க சுகாதார எண் கிடைக்கிறது. பதிவுகள் ஓரிடத்தில் குவிவதில்லை. எழுதிய இடத்திலேயே இருக்கும், நோயாளி சம்மதித்தால் இன்னோர் இடத்தில் திறக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சம்மதமும், எண் உருவாக்க ஆதார் வழியாக வரும் ஓ.டி.பி.யும் போனைத் தேடித்தான் வருகின்றன. கீழக்கரையிலும் தொண்டியிலும் அந்த நம்பர் வளைகுடாவில் இருக்கும் கணவரிடமோ மகனிடமோ இருக்கும். ராமேஸ்வரத்தில் போன் படகோடு கடலில் இருக்கும். கவுண்டரில் பத்து பேர் நிற்கும்போது சவுதிக்குப் போன் போட்டு ஓ.டி.பி. கேட்க முடியாது. எண் இருப்பவருக்குக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாதவருக்கு அதற்காக வைத்தியத்தை நிறுத்த வேண்டாம்.

வளைகுடாவில் இருந்து விடுமுறைக்கு வருபவர்கள் கொண்டுவரும் லேப் தாளில் அலகைக் கவனியுங்கள். அங்கே பல லேப்களில் சுகர் மில்லிமோல் கணக்கு, நமக்கு மில்லிகிராம் கணக்கு. மில்லிமோல் என்றால் 18-ஆல் பெருக்க வேண்டும்: தாளில் 11 என்று இருந்தால் நம் கணக்கில் 198. சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் மைக்ரோமோலில் இருந்தால் 88.4-ஆல் வகுக்க வேண்டும்; 177 என்பது நம் கணக்கில் 2. நர்ஸ் 11 என்று அப்படியே தட்டினால், நல்ல மென்பொருள் சிவப்பில் காட்டி நிறுத்தும். மோசமானது 210-இல் இருந்து 11-க்கு இறங்கும் ஒரு கோடு வரைந்து காட்டும். எல்லை வைக்கும் வசதி அமைப்புகளில் இருந்தால் சுகருக்கு 20-க்குக் கீழே ஏற்காதபடி வைத்துவிடலாம்.

மருந்துப் பட்டியலில் கைதவறுவது இன்னொன்று. முதல் மூன்று எழுத்து தட்டியதும் வரும் வரிசையில் மேலே இருப்பதில் விரல் போய்விடும். அளவு தானாக 1–0–1 (தினம் காலை ஒன்று, இரவு ஒன்று) என்று நிரம்பும். வாரம் ஒரு முறை சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டுக்கு அப்படி நிரம்பினால் உயிருக்கே ஆபத்து. தானாக நிரம்பும் அளவை முழுவதும் நீக்கிவிடுங்கள். இன்சுலின் எழுதும்போது 'யூனிட்' என்பதோடு நிறுத்தக் கூடாது. இங்கே குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40, பேனாவில் வருவது 100. சிவப்பு மூடி ஊசி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 உள்ள மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். அதனால் சீட்டின் குறிப்புப் பகுதியில் "குப்பி 40, சிவப்பு மூடி ஊசி" என்று தமிழிலேயே அச்சாக வேண்டும்.

தமிழில் அச்சாவது தனிப் பாடு. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் பழைய மென்பொருள் பலவற்றில் இல்லை. திரையில் சரியாகத் தெரியும், பி.டி.எஃப். ஆக்கியதும் கொம்பு விலகும்: "போடவும்" என்பது "ேபாடவும்" ஆகிவிடும், "கொதித்த" என்பது "ெகாதித்த" ஆகிவிடும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பாட்டி இதைக் கண்டு சீட்டையே மடித்து வைத்துவிடுவார். வாங்கும் முன் "காலை சாப்பாட்டுக்கு முன் ஒன்று, இரவு தூங்கப் போகும் முன் ஒன்று" என்ற வரியை அச்சடித்துப் பாருங்கள்.

நோய்ப் பட்டியல்களும் நகரத்துக்காகச் செய்யப்பட்டவைதான். திருக்கை முள் குத்தியது, சொறி (ஜெல்லி மீன்) பட்டது, கடல் முள்ளி ஏறியது என்றால் எதுவும் வராது. நோய்களுக்கான உலகப் பொதுக் குறியீடான ஐ.சி.டி.–10-இல் மீன் விஷத்துக்கு T63.5, பிற கடலுயிர்களுக்கு T63.6, மூழ்கி எழுவதால் வரும் அழுத்த நோய்க்கு T70.3. இவற்றைச் சொந்தப் பட்டியலில் தமிழ்ப் பெயரோடு சேர்த்து வைத்தால் நர்ஸே தேர்ந்தெடுப்பார். சங்கு குளிப்பவர் கைகால் மரத்துப்போய் வந்தால் எத்தனை பாகம் ஆழம், எத்தனை முறை இறங்கினார், கடைசியாக எத்தனை மணிக்கு மேலே வந்தார் என்று கேட்டுப் பதிய மூன்று கட்டம் வேண்டும். ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர். பாசி எடுக்கும் பெண்களுக்குக் கால் வெட்டு அடிக்கடி, கடைசி டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்ட தேதி முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

மறுவருகை நாளையும் இந்தக் கரைக்கு ஏற்றபடி போட வேண்டும். ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். "15 நாள் கழித்து" என்று மென்பொருள் போடும் தேதி படகு நாளில் விழுந்தால் ஆள் வரமாட்டார். மீனவருக்கு வெள்ளிக்கிழமை மாலை போடுங்கள்.

இனி சாதனங்கள். கடற்காற்று கணினியைத் தின்னும். திடீரென்று பீப் சத்தம் மட்டும் கேட்டு, திரை கறுப்பாக நின்றால் பெரும்பாலும் ரேம் அட்டையின் பொன்னிறப் பற்களில் படலம் பிடித்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, வயரைக் கழற்றி, அட்டையை எடுத்துப் பென்சில் ரப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்ததும் 'டக்' என்று உட்காரும்வரை செருகினால் பல முறை உயிர் வந்துவிடும். லேன் வயரின் முனையில் பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பயனில்லை. இரண்டு அங்குலம் வெட்டிப் புது முனை போட வேண்டும். கடலைப் பார்த்த ஜன்னல் பக்கமும் தரையிலும் பெட்டியை வைக்காதீர்கள். சுழலும் ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுங்கள், ஓட்டத்தில் கரண்ட் போனால் தாங்குவது அதுதான் என்று சொல்ல முடியாவிட்டாலும், அசையும் பாகம் இல்லாததால் பழுது குறைவு. மேசைக் கணினியை விட மடிக்கணினி இங்கே மேல், பேட்டரி உள்ளேயே இருக்கிறது. ரூட்டருக்கு 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். தனியாக வையுங்கள். தெர்மல் தாளில் டோக்கன் மட்டும் அடியுங்கள். மருந்துச் சீட்டை அதில் அடித்தால் வெயிலில் தொங்கும் பையில் சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். ஏ5 தாளில் லேசர் அச்சுதான் நிற்கும். தாள் கட்டைப் பிரித்துப் போட்டுவைத்தால் ஈரம் ஏறிச் சுருண்டு மாட்டும். ஒரு நேரத்தில் 50 தாள் மட்டும் வெளியே எடுங்கள்.

அரசுத் தளங்களில் மறுபடி மறுபடி எழுதுவது பெரிய சலிப்பு. கர்ப்பிணி என்றால் பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவுத் தளத்தில் 12 இலக்க ஆர்.சி.எச். (தாய்சேய் நல) எண், அது இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குத் தடங்கல். காசநோய் என்றால் நிக்ஷய் தளம். தனியார் மருத்துவரும் தெரிவித்தாக வேண்டும் என்ற ஆணை 2012-இல் இருந்தே இருக்கிறது. காப்பீட்டுக்கு வேறு தளம். நம் மென்பொருளோடு இவை பேசிக்கொள்வதில்லை. குறைந்தபட்சம் இந்த எண்களுக்கு நம் பதிவில் தனித்தனிக் கட்டம் வைத்தால் நோயாளி அடுத்த முறை அட்டையை மறந்து வந்தாலும் வேலை நிற்காது. நிக்ஷயில் பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடியே இருக்கட்டும். எழுத்து மாறினால் சத்துணவுக்கான உதவித் தொகை வந்து சேராமல் நிற்கும்.

முதலில் சொன்ன குறைக்கு மருந்து மென்பொருளில் கிடைக்கவில்லை. மருத்துவர்கள் பேசி ஒத்துக்கொண்ட அரைப் பக்கத் தாளில்தான் கிடைத்தது. யார் எந்த மென்பொருள் வைத்திருந்தாலும் அனுப்பும் கடிதம் ஒரே வரிசையில்: ஆள் அடையாளம், இரண்டு போன் நம்பர், ஒவ்வாமை, நோய்கள் வருடத்தோடு, மருந்துகள் மூலப்பெயரிலும் அளவிலும், கடைசி மூன்று சோதனை அளவுகள் தேதியோடும் அலகோடும், அனுப்பும் காரணம். நடுவில் பெட்டி கட்டி, கொடுத்து அனுப்பிய மருந்தும் மணியும்: "ஆஸ்பிரின் 325, க்ளோபிடோக்ரெல் 300, மாலை 7.40". இந்த வரி இல்லாவிட்டால் ஜி.எச்.சில் அதே அளவை மறுபடி கொடுக்கவும் கூடும், கொடுத்திருப்பார்கள் என்று நினைத்து விட்டுவிடவும் கூடும். தாளின் அடியில் மூன்று வரி காலியாக இருக்கும். பார்த்த மருத்துவர் என்ன கண்டார், எதை மாற்றினார், எப்போது திரும்ப வரவேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்ப. அந்த மூன்று வரி நிரம்பி வருவது இன்னும் குறைவுதான், அதற்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

வாட்ஸாப் குழுவில் எக்ஸ்ரே போட்டு யோசனை கேட்பது நல்ல பழக்கம். பெயர் இருக்கும் மூலையை வெட்டாமல் போடுவது கெட்ட பழக்கம். போனில் படம் தானாக இறங்குவதை அணைத்து வையுங்கள். வீட்டுக் குழந்தைகள் புரட்டும் படத்தொகுப்பில் நோயாளியின் புண் இருக்கக் கூடாது.

காப்பு நகல் எடுப்பவர் பலர், திறந்து பார்ப்பவர் சிலர். தினம் இரவு ஒன்று வெளி டிஸ்கில், வாரம் ஒன்று கிளினிக்குக்கு வெளியே, இரண்டும் கடவுச்சொல்லோடு. டிஸ்கை வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியே இருந்தால் கணினியைப் பூட்டும் வைரஸ் அதையும் பூட்டும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸே அப்படி ஒரு தாக்குதலில் பல நாள் கையால் எழுதி ஓட்டியது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேறு கணினியில் நகலை ஏற்றி, ஏதோ ஐந்து நோயாளியைத் திறந்து, படமும் வருகிறதா என்று பாருங்கள். உள்நோயாளிப் பதிவை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள். 2023-இல் வந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்தி வைக்கப்பட்டதால் பழையதே பொருந்தும். சந்தாவை நிறுத்தினால் பதிவு முழுவதும் எந்த மென்பொருளிலும் அட்டவணையாகத் திறக்கும் சி.எஸ்.வி. கோப்பாகவும் படங்களாகவும் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் செல்லாது.

பதிவைத் துப்புரவு செய்ய இந்தக் கரையில் ஒரு நல்ல காலம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆளும் வீட்டில் இருப்பார், போனும் கையில் இருக்கும். இரட்டைப் பதிவுகளை இணைக்க, ஒவ்வாமையைக் கேட்டுச் சரிபார்க்க, மாறிப்போன நம்பரைத் திருத்த, வேண்டுபவருக்கு ஆபா எண் எடுத்துக் கொடுக்க, கவுண்டரில் இருப்பவருக்கு அப்போது தினம் பத்துப் பெயர் என்று பிரித்துக் கொடுங்கள்.