மன்றோவா, பார்ன்ஸா?

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் படைவீரராக வந்து ஆளுநரான ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும், யாரைத் தேர்ந்தெடுப்பது என்று மாணவர்கள் தயங்குகிறார்கள். நம் பக்கத்தில் இருவர்: சென்னையின் தாமஸ் மன்றோ, இலங்கையின் எட்வர்ட் பார்ன்ஸ்.

படை வாழ்வு
மன்றோ: 1780இல் காலாட்படைப் பயிற்சி வீரராகச் சென்னை வந்தார், ஹைதர் அலியுடனான போரில் இருந்தார்.
பார்ன்ஸ்: 1815இல் நெப்போலியனுக்கு எதிரான வாட்டர்லூப் போரில் காயமடைந்தவர்.

ஆட்சி
மன்றோ: 1820 முதல் 1827 வரை. ஆனால் அவரை உருவாக்கியது அதற்கு முந்தைய பாராமகால்தான். 1792 முதல் ஏழு ஆண்டுகள் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் நிலவரிப் பணி. ஜமீன்தார் இல்லாமல் உழவரிடமே வரி வாங்கும் ரயத்துவாரி முறை அங்கே வேர்விட்டது. உழவருக்குப் பட்டா கிடைத்தது உண்மை. வரிச்சுமை கடுமையாக இருந்ததும் உண்மை. இரண்டையும் எழுதுங்கள். 1822இல் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள் பதிவாயின.
பார்ன்ஸ்: 1824 முதல் 1831 வரை. கொழும்பு–கண்டிச் சாலை, காப்பித் தோட்டம். சாலையை ராஜகாரிய கட்டாய உழைப்பில் போட்டார்கள். காப்பிக்காகத் தமிழகத்திலிருந்து போன கூலிகளின் துயரக் கதை இங்கேதான் தொடங்குகிறது.

இறப்பு
மன்றோ: 1827, இன்றைய ஆந்திராவின் பத்திகொண்டாவில் காலரா.
பார்ன்ஸ்: 1838.

நிலம், பட்டா, வரி பற்றி எழுத மன்றோ. மலையகத் தமிழர் வரலாறு வேண்டுமென்றால் பார்ன்ஸ். நேரில் பார்த்து எழுத விரும்பும் சென்னை மாணவருக்கு மன்றோவையே சொல்வேன். தீவுத்திடல் அருகே குதிரைமேல் இன்னும் நிற்கிறார்.