பிள்ளைகளுக்கு ‘லூக்கா’ போடலாமா? எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தவே கூடாது

இரவுக் கடல். சின்ன வள்ளம் ஒன்றில் இரண்டு மீனவர்கள். பக்கத்தில் பாட்டுப்பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலுள்ள ஒரு தீவுக்குக் கிட்டப் போக ஒருவருக்குப் பயம், மற்றவருக்கு அதில் நம்பிக்கையில்லை. வள்ளத்தில் கிடந்த சாமான்களை ஏதோ ஒன்று இழுத்தெடுக்கிறது. தண்ணீருக்கு மேல் ஒரு உருவம் தெரிந்ததும் மண்டா, அதாவது மீன் குத்தும் ஈட்டி, பறக்கிறது. பிக்சார் நிறுவனம் 2021இல் வெளியிட்ட ‘லூக்கா’ என்ற அனிமேஷன் படம் இப்படித்தான் தொடங்குகிறது. யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகர், பாசையூர், மயிலிட்டிப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அடுத்த காட்சி கடலுக்கு அடியில். லூக்கா என்ற கடற்பிள்ளை, ஆடு மேய்க்கிற மாதிரி மீன் மேய்த்துக்கொண்டிருக்கிறான். கரையில் இருப்பவர்கள் கொலைகாரர்கள், மேலே எட்டிப் பார்க்கவும் கூடாது என்று தாய் அவனுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறாள். மேலே இருப்பவர்களுக்குக் கீழே இருப்பவை பூதங்கள். கீழே இருப்பவர்களுக்கு மேலே இருப்பவை பூதங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் இரண்டு பக்கத்துப் பயத்தையும் ஒரே நிறையில் வைத்துவிடுகிறார் இயக்குநர் என்ரிக்கோ கசரோசா. அறியாதவர் மீதான பயத்தைப் பற்றி எடுத்த சிறுவர் படங்கள் பலவற்றில் ஒரு பக்கம் நல்லவர்கள், மறுபக்கம் மூடர்கள். இங்கே தாய் தனியேலா மூடத்தனமாகப் பயப்படவில்லை. மண்டா உண்மையிலேயே பறக்கிறது, பட்டால் பிள்ளை செத்துப்போவான். இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். பயத்தைக் கேலி செய்யாமல், அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டுதான் சிநேகிதத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது.

கதையின் விதி ஒன்றே ஒன்று. உடம்பு காய்ந்தால் மனிதப் பிள்ளை, நனைந்தால் செதிளும் வாலும் தெரிந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு வசனத்தில் சொல்லிவிடலாம். இந்த விதி கைக்கு வந்தபிறகு ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு மழைத்துளி, ஊர்ச் சதுக்கத்து நீரூற்று எல்லாமே பதைபதைப்பு. லூக்காவும், தீவில் தனியே இருக்கும் இன்னொரு கடற்பிள்ளை அல்பேர்ட்டோவும் இத்தாலியின் லிகூரியாக் கரையிலுள்ள போர்ட்டோரோஸ்ஸோ என்ற கற்பனை ஊருக்கு வருகிறார்கள். நீச்சல், பாஸ்தா சாப்பிடுதல், சைக்கிள் ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டியில் வென்று, அந்தக் காசில் ஒரு வெஸ்பா ஸ்கூட்டர் வாங்குவதுதான் திட்டம். அவர்களோடு சேரும் மூன்றாவது ஆள் ஜூலியா. அவளும் அந்த ஊரில் அரைகுறை ஆள்தான். பள்ளிக்காலம் முழுக்க ஜெனோவாவில் தாயோடு இருந்துவிட்டு, கோடை விடுமுறைக்கு மட்டும் தகப்பனிடம் வருகிறவள். எங்கள் பக்கத்தில் ‘வந்தான் வரத்தான்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அந்தச் சொல் விழுகிற மூன்று பிள்ளைகள் ஒரு அணியாகச் சேருகிறார்கள்.

பெரியவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டியவர் ஜூலியாவின் தகப்பன் மஸ்ஸிமோ. ஒற்றைக் கையோடு பிறந்த மீனவர், பெரிய மீசை, மீன் வெட்டும் கத்தி, சுவரெல்லாம் மண்டா. கடற்பூதத்தைக் கண்டால் குத்துவேன் என்கிறவர். அதே ஆள் முன்பின் தெரியாத இரண்டு பொடியன்களுக்குக் கோப்பை நிறையச் சாப்பாடு போடுகிறார். போட்டிக்குக் கட்ட அவர்களிடம் காசில்லை என்றதும் மீன்பிடி வேலை கொடுக்கிறார். மீன் எங்கே நிற்கும் என்று சொல்ல அவர்களைவிட வேறு ஆள் யார்? நம்பிக்கை இங்கே பேச்சால் வரவில்லை, ஒரே வள்ளத்தில் ஏறி வலை இழுத்து வருகிறது.

படம் மூன்றில் இரண்டு பங்கு ஓடியதும் வருகிற காட்சிக்காகவே இந்த மதிப்புரை. லூக்கா பள்ளிக்கூடம் போக ஆசைப்படுகிறான். தன்னை விட்டுவிட்டு ஜூலியாவோடு போய்விடுவானோ என்று அல்பேர்ட்டோவுக்கு எரிச்சல். ஜூலியா பார்க்கும்படியாகக் கடலுக்குள் குதித்துத் தன் உருவத்தைக் காட்டிவிடுகிறான். அவள் பதறுகிறாள். அந்தக் கணத்தில் லூக்கா தன் சிநேகிதனை நோக்கி விரலை நீட்டி, ‘கடற்பூதம்!’ என்கிறான். ஒரே சொல்தான். அல்பேர்ட்டோவின் முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும், எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். எதிரி காட்டிக்கொடுத்தால் அது வேறு கதை. இங்கே காட்டிக்கொடுப்பது கூடப்படுத்து, கூடச் சாப்பிட்ட சிநேகிதன், அதுவும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. சிநேகிதம் பயத்தை வெல்லும் என்று சொல்லும் படம், முதலில் பயம் சிநேகிதத்தை வெல்வதைக் காட்டுகிறது. இந்த இடத்தில் படத்தை நிறுத்தக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது, ரொபி பங்கிடக் கூடாது. பிள்ளைகள் பேசாமல் இருந்தால் அப்படியே இருக்க விட்டுவிடுங்கள்.

இதற்குக் கணக்குத் தீர்ப்பது கடைசி ஓட்டத்தில் வரும் மழை. எல்லோர் முன்னாலும் அல்பேர்ட்டோ நனைந்து பிடிபட்டுவிட்டான். லூக்கா ஒதுக்கில் காய்ந்தபடி நிற்கிறான், அங்கேயே நின்றால் தப்பலாம். அவன் சைக்கிளை மழைக்குள் விடுகிறான். அன்று நீட்டிய விரலுக்கு மன்னிப்புக் கேட்கும் வசனம் வேறு தேவையில்லாமல் போகிறது.

குறை சொல்லவேண்டிய இடமும் அதற்குப் பிறகுதான். தலைமுறை தலைமுறையாகக் கடற்பூத வேட்டை பேசிய ஊர், மஸ்ஸிமோ முன்னால் வந்து இரண்டு வசனம் பேசியதும் மண்டாவைக் கீழே போட்டுவிடுகிறது. அடாவடிக்காரன் எர்க்கொலேயை நீரூற்றுக்குள் தூக்கிப் போட்டுச் சிரித்து முடிக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு ஊர் மாறாது. அது எங்கள் பிள்ளைகளுக்கு நல்லாகவே தெரியும். இந்த அவசரத்தைப் படமும் உணர்ந்தது போல லூக்காவின் பாட்டியின் வாயில் ஒரு கருத்தை வைத்திருக்கிறது: சிலர் அவனை ஒருநாளும் ஏற்கமாட்டார்கள், சிலர் ஏற்பார்கள், நல்லவர்களைக் கண்டுபிடிக்க அவனுக்குத் தெரிந்திருக்கிறது. படம் முடிந்து பிள்ளைகளோடு பேசும்போது ஊர் மாறியதை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: பிள்ளைபிடிகாரன் வருவான், தெரியாத ஆளோடு பேசாதே என்று சொல்லி வளர்க்கிறோம், இந்தப் படம் அதைக் குலைத்துவிடாதா? குலைக்காது, ஆனால் பெரியவர் ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டும். லூக்கா சேர்வது தன் வயதுப் பிள்ளைகளோடு. மஸ்ஸிமோ வீட்டில் சாப்பிடும்போது ஜூலியா கூடவே இருக்கிறாள். தனியே கூப்பிடும் பெரிய ஆளைப் பற்றிய எச்சரிக்கை அப்படியே நிற்கட்டும். வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளை, வேறு ஊர்ப் பேச்சுப் பேசும் பிள்ளை, இவர்களைப் பற்றித்தான் படம் பேசுகிறது என்று பிரித்துச் சொன்னால் தரம் மூன்று பிள்ளைக்கு விளங்கும்.

காட்டுவதற்கு முன் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டியது அல்பேர்ட்டோவின் தகப்பன் விடயம். தகப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டார். போன நாளிலிருந்து அவன் சுவரில் கோடு கீறி எண்ணியிருக்கிறான், பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டான். கோடுகள் நிறைந்த அந்தச் சுவரைத் திரை காட்டும். தகப்பன் இல்லாத, வெளிநாட்டில் இருக்கிற, காணாமல் ஆக்கப்பட்ட வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் எங்கள் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் பக்கத்தில் அவர்களுக்குப் பழக்கமான ஒருவர் இருக்கட்டும். தகப்பனைப் பற்றி எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்கவே வேண்டாம்.

வயது: ஆறுக்கு மேல் தாராளமாகப் பார்க்கலாம். நாலு, ஐந்து வயதுகள் பயப்படுவது பெரும்பாலும் ஆழ்கடலிலிருந்து வரும் லூக்காவின் உகோ மாமாவுக்கு. உடம்புக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரியும், இதயம் நின்றால் குத்தி ஓடவைக்கச் சொல்வார். சின்னவர்களை மடியில் வைத்துக்கொண்டால் சிரித்துவிடுவார்கள்.

குதிக்கிற காட்சிகளுக்குத்தான் வயது பார்க்காமல் எச்சரிக்கை தேவை. மனதுக்குள் ‘உன்னால் ஏலாது’ என்று சொல்லும் குரலுக்கு அல்பேர்ட்டோ ‘புருனோ’ என்று பெயர் வைத்து, அதை அதட்டி அடக்க லூக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். பிறகு இருவரும் தாங்களே செய்த ஸ்கூட்டரில் பாறையிலிருந்து பாய்கிறார்கள். ‘சத்தம் போடாதை, புருனோ!’ என்று தமிழில் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் மண்டபமே சேர்ந்து கத்தும், நல்ல விளையாட்டு. ஆனால் தோட்டக் கிணறும், காங்கேசன்துறைப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் எடுத்த கிடங்குகளில் மாரியில் நிறையும் தண்ணீரும் அல்பேர்ட்டோவின் கடல் இல்லை. அடியில் கல் எங்கே என்று மேலிருந்து தெரியாது, ஏறிவரப் படியும் இருக்காது. படம் முடிந்ததும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

முள்ளுக்கரண்டி விடயமும் சின்னதாக ஒன்று. கடற்பிள்ளைகள் பாஸ்தாவைக் கையால் அள்ளிச் சாப்பிட, போட்டிக்காக ஜூலியா முள்ளுக்கரண்டி பிடிக்கப் பழக்குகிறாள். அது போட்டிக்கான பயிற்சி, கையால் சாப்பிடுவதில் வெட்கம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சனசமூக நிலையத்திலோ வாசிகசாலையிலோ போடுவதென்றால் முதலில் அனுமதி. வீட்டுப் பாவனைக்கு விற்கும் டிஸ்க்கைப் பொது இடத்தில் காட்ட உரிமையாளரிடம் தனியாக அனுமதி பெறவேண்டும்.

தொடக்கக் காட்சி இரவுக் கடல் என்பதால் கொஞ்ச வெளிச்சம் நின்றாலும் திரையில் சாம்பல் மட்டுமே தெரியும். மார்கழியில் ஆறரை மணிக்கே இருட்டிவிடும், ஆனியில் ஏழு மணி வரை பொறுக்கவேண்டும். அறுபது பிள்ளைகளுக்கு எட்டு அடி அகலத் திரை போதும், படம் அதில் ஏறக்குறைய நாலேகால் அடி உயரம் பிடிக்கும். சாதாரண புறொஜெக்ரரைத் திரையிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி வைத்தால் இந்த அளவு வரும், வெளிச்சம் 3000 லூமன் இருந்தால் நல்லது. ஒற்றைப் படுக்கை விரிப்பைக் கட்டினால் பாதி வெளிச்சம் பின்னால் போய்விடும். இரண்டாக மடித்து, கீழ் விளிம்பில் தடி கட்டி இழுத்துவிடுங்கள், அல்லது வெள்ளைச் சுவரையே பாவியுங்கள். பிள்ளைகள் பாயில் இருப்பதால் படத்தின் கீழ் விளிம்பு நிலத்திலிருந்து நாலு அடிக்குக் குறையக்கூடாது. குறைந்தால் பின்வரிசை எழும்பி நிற்கும், பிறகு ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அடிக்கடி பிழைப்பது சத்தம்தான். பாட்டும் அலையும் கேட்கிறது, ஆட்கள் பேசுவது மட்டும் கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கரில் பழுதில்லை. ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரித்த ஒலித்தடம் ஓடுகிறது, பேச்சு நடு ஸ்பீக்கருக்குப் போகிறது, அது உங்களிடம் இல்லை. பிளேயரின் ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றினால் பேச்சு வந்துவிடும். எச்டிஎம்ஐ வயர் குத்தியதும் மடிக்கணினி சத்தத்தைப் புறொஜெக்ரரின் சின்ன ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும், ஒலி வெளியேறும் வழியைத் திரும்ப மாற்றவேண்டும். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், வாய் அசைந்த பிறகுதான் பேச்சு வரும். தகரக்கூரையில் மாரி மழை விழுந்தால் எந்த ஸ்பீக்கரும் தோற்கும், அன்றைக்குப் படத்தைத் தள்ளிப்போடுவதே சரி.

மின்சாரம் திடீரென நின்றால் விளக்கு வைத்த புறொஜெக்ரரின் விசிறியும் நின்று, சூடு ஆறாமல் விளக்கின் ஆயுள் குறையும். 1000 விஏ யூபிஎஸ் ஒன்று இடையில் இருந்தால் ஜெனரேற்றர் தொடங்கும் மட்டும் சில நிமிடம் தாங்கும். 650 விஏ போதாது, புறொஜெக்ரரே ஏறக்குறைய 300 வாற் இழுக்கும். ஜெனரேற்றரை மண்டபத்துக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி, காற்று எதிர்ப்பக்கம் போகும் இடத்தில் வையுங்கள். அதன் புகை உள்ளே வரக்கூடாது. அதே வயரில் தேநீர்க் கேத்தல் போடக்கூடாது.

ஆங்கிலத்தில் போட்டால் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். இரண்டு தடவை முழுக்கப் பார்த்தவராக இருக்கட்டும். எல்லா வசனத்தையும் சொல்லப் போனால் பிள்ளைகள் திரையை விட்டு அவரைப் பார்ப்பார்கள். நனைந்தால் மாறும் விதி, புருனோ, போட்டியின் மூன்று பகுதி, அல்பேர்ட்டோவின் தகப்பன், லூக்காவின் பள்ளி ஆசை, பாட்டி சொன்னது: இவ்வளவும் போதும். நீச்சல் பகுதியில் லூக்கா ஏன் பழைய சுழியோடி உடுப்புப் போடுகிறான் என்று கேட்டால் நனையாமல் இருக்க என்று ஒரு சொல். இடைவேளை தேவையென்றால் மஸ்ஸிமோ வீட்டில் முதல் சாப்பாடு முடிந்ததும் விடலாம். காட்டிக்கொடுத்த காட்சிக்குப் பிறகு விட்டால், வீட்டுக்குக் கூட்டிப்போகப்படும் சின்னவர்கள் அந்த நீட்டிய விரலோடேயே போய்ப் படுப்பார்கள்.

படம் 95 நிமிடம், அதில் கடைசிப் பகுதி பெயர்ப்பட்டியல். அல்பேர்ட்டோ வெஸ்பாவை விற்று லூக்காவை ஜெனோவா ரயிலில் ஏற்றிவிட்டதும் பெரியவர்கள் செருப்புத் தேடத் தொடங்குவார்கள். விளக்கைப் போடவேண்டாம். பெயர்கள் ஓடும்போது பக்கத்தில் வரும் படங்களில்தான் லூக்கா பள்ளியில் என்ன செய்கிறான், அல்பேர்ட்டோ மஸ்ஸிமோவோடு எப்படி இருக்கிறான் என்பது தெரியும். எல்லாம் முடிந்த பிறகு, பயமுறுத்திய உகோ மாமா ஆழ்கடலில், லூக்கா மேய்த்தது போன்ற ஒரு மீனைப் பிடித்துவைத்துப் பேச்சுக்கொடுக்கும் சின்னக் காட்சி ஒன்று வரும். முதலில் அவரைப் பார்த்து மடிக்குள் முகம் புதைத்த பிள்ளையை எழுப்பி, அதைக் காட்டிவிட்டுப் பாயைச் சுருட்டுங்கள்.