சூரியனைப் படமெடுக்க எந்த ஆடி? பினாங்கில் மூன்று அமைப்புகள்

இரவு வானத்துக்குத் தொலைநோக்கி செய்தபோது ஒளி போதவில்லை என்று தவித்தேன். சூரியனுக்குச் செய்யும்போது அதே ஒளியை எங்கே கழிப்பது என்று தவிக்கிறேன். வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று அமைப்புகளை இங்கே ஒப்பிடுகிறேன். முதல் இரண்டும் என் கைப்பட முடிந்தவை. மூன்றாவது இன்னும் வேலையில் இருக்கிறது. மூன்றிலும் ஒளியைக் குவிக்கும் ஆடி 150 மி.மீ. அகலம், குவியத் தூரம் 1200 மி.மீ. அதில் சூரியனின் பிம்பம் சுமார் 11 மி.மீ. அகலத்தில் விழும்.

முதலாவது, வழக்கமான நியூட்டன் வகைக் குழாயின் (அடியில் குழியாடி, வாயருகே ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் சிறிய துணை ஆடி) வாயில் சூரியப் படலத்தை, அதாவது வெயிலைக் குறைக்கும் மெல்லிய தாளை, கட்டுவது. அடர்த்தி 5 கொண்ட படலம் ஒளியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும். கண்ணால் பார்க்கவும் அதுவே சரி. அடர்த்தி 3.8 கொண்டது கேமராவுக்கு மட்டும். அது ஏறத்தாழ 16 மடங்கு ஒளியைக் கூடுதலாக விடுவதால் படத்துக்கான நேரம் குறைகிறது, காற்றின் நடுக்கம் அவ்வளவாகப் பதிவதில்லை. படலத்தை முரசுத் தோல்போல் இழுத்துக் கட்டினால் படம் கெடும், தளர்வாகவே விட வேண்டும். ஒவ்வொரு முறையும் வெயிலில் தூக்கிப் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதன்முதலாகச் செய்பவர் இதிலேயே தொடங்கட்டும். இரவிலும் இதே கருவி பயன்படும்.

இரண்டாவதுதான் என் மனத்துக்கு நெருங்கியது: அலுமினியப் பூச்சே இல்லாத ஆடி. வெறும் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டையே திருப்பி அனுப்பும். மீதி பெரும்பாலும் கண்ணாடியை ஊடுருவிப் பின்பக்கமாக வெளியேறிவிடும். முன்பக்கம் குழிந்து பின்பக்கம் தட்டையாக இருப்பதால், வெளியேறும் ஒளி குவியாமல் விரிந்தே போகும். ஆகவே ஆடியைத் தாங்கும் சட்டத்தின் பின்புறத்தைத் திறந்தே வைத்தேன். பின்பரப்பைச் சொரசொரப்பாகவே விட வேண்டும். மெருகேற்றினால் அங்கிருந்து திரும்பும் ஒளி படத்தின் மேல் வெள்ளையாகப் படியும். கறுப்பு பூசினால் வெப்பம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். துணை ஆடியிலும் பூச்சு இல்லை. அதற்கு வந்து சேர்வதே அந்த 4 விழுக்காடுதான் என்பதால் அதன் முதுகில் மட்டும் தயங்காமல் கறுப்பு பூசலாம். இரண்டு முறை திரும்பியபின் கேமராவை அடைவது சுமார் 625-இல் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கை விடும் சாம்பல் வடிகட்டி ஒன்றைச் சேர்த்தால் 3.8 படலத்தின் அளவுக்கு வந்துவிடும். அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியும் கட்டாயம் வேண்டும். இதில் ஒருபோதும் கண்ணை வைக்கக் கூடாது. என் குழாயில் அதைச் சிவப்பு எழுத்தில் எழுதியே வைத்திருக்கிறேன்.

பினாங்குக்காரர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. உப்புக் காற்றில் அரித்துப்போக இங்கே பூச்சே இல்லை. கழுவினால் போதும்.

இரண்டில் எது கூர்மை? ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் மேல்தளத்தில் பூச்சில்லாத ஆடியை வைத்தபோது, "ஓரம் கொதிக்கிறதே மாமா" என்றான் என் அக்காள் மகன். சூரியனின் விளிம்பு உலைநீர்போல் தளும்பியது. காரணம் சிமென்ட் தளத்தின் சூடு. மறுவாரம் காலை 9 மணிக்கு, சூரியன் 25 பாகை உயரத்தில் இருந்தபோது, பாடாங் கோத்தா லாமாவின் புல்தரையில் கடலைப் பார்த்து வைத்தோம். ஒரு சூரியப்புள்ளியின் கருநிழலை, அதாவது அதன் இருண்ட நடுப்பகுதியை, சுற்றியிருந்த இழைகள் சில நொடிகள் அசையாமல் நின்றன. அவற்றுக்கு வெளியே சூரியப் பரப்பின் குருணைகள், ரவையைக் கொட்டிப் பரப்பியதுபோல். ஒவ்வொரு குருணையும் சுமார் 1000 கி.மீ. அகலம். இந்த ஆடியின் பிரிதிறனுக்கு, அதாவது நுண்விவரங்களைப் பிரித்துக் காட்டும் திறனுக்கு, அது எட்டக்கூடியதே. காற்றுதான் வழிவிட வேண்டும். அதே காலையில் படலம் கட்டிய மூடுகுழாயிலும் எடுத்தோம். புள்ளிகள் தெளிவாக வந்தன, குருணைகள் மங்கலாகவே வந்தன. படமெடுக்க மட்டும் என்றால் பூச்சில்லாத ஆடியையே சொல்வேன்.

மூன்றாவது, குழாயை அசையாமல் கிடத்தி, சமதள ஆடி ஒன்றால் வெயிலை அதற்குள் திருப்புவது. கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் கோபுரத்தின் மேலுள்ள ஆடிகள் சூரிய ஒளியைச் சுரங்கத்துக்குள் அனுப்புவதும் இதே வழியில்தான். பினாங்கின் அகலாங்கு சுமார் 5.4 பாகை என்பதால் இங்கே துருவ அச்சு (பூமியின் சுழலச்சுக்கு இணையான கோடு) ஏறக்குறைய தரைமட்டத்திலேயே கிடக்கிறது. கடையில் வாங்கிய தொலைநோக்கித் தாங்கிகளில் சமன்எடையைத் தாங்கும் தண்டு முக்காலியின் காலில் இடிப்பது இதனால்தான். இந்த அமைப்புக்கோ அதுவே வசதி: மேசைமேல் குழாயைக் கிடத்தி, சமதள ஆடியை அந்த அச்சில் 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுழற்றினால் போதும். பிம்பம் மணிக்கு 15 பாகை திரும்பும் என்பதால் அரை நிமிடக் காணொளிகளாகவே எடுக்க வேண்டும்.

கடினம் அந்தச் சமதள ஆடியில் இருக்கிறது. 150 மி.மீ. ஒளிக்கற்றையைச் சாய்வாகப் பிடிக்க அது குறைந்தது 210 மி.மீ. நீளமாவது இருக்க வேண்டும், ஆண்டு முழுவதும் என்றால் 270 வரை. வெயில் பட்டு அது சற்று வளைந்தாலும் படம் ஒரு பக்கமாக இழுபடும். இரண்டு கண்ணாடிகளை மட்டும் தேய்த்தால் ஒன்று குழியும், மற்றது குவியும். மூன்றை மாற்றி மாற்றித் தேய்த்தால்தான் மூன்றும் தட்டையாகும். என்னுடைய மூன்றும் இப்போது நடுத்தரத் தேய்ப்பு மணலில் தேய்க்கும் கட்டத்தில் இருக்கின்றன.