தாய்லாந்தில் வேலை, லீவுக்கு வெளிநாடு: எந்த ரீ-என்ட்ரி பெர்மிட் எடுக்கலாம்?

தாய்லாந்துக்கு வேலைக்கு வந்த புதிதில் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. ஒரு வருஷத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்களே, மூன்று நாள் மலேசியாவின் பினாங்கு போய்வர இன்னொரு அனுமதி எதற்கு?

அந்த முத்திரை பெரும்பாலும் விசா கிடையாது. நாம் உள்ளே வரப் பயன்படுத்திய விசா அப்போதே முடிந்துபோயிருக்கும். கையில் இருப்பது இங்கே தங்கிக்கொள்ளக் கொடுத்த ஒரு வருஷ நீட்டிப்பு. ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது திரும்பி வருவதற்கான அனுமதி, இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் அந்த நீட்டிப்பு ரத்தாகிவிடும். பத்து மாதம் பாக்கி இருந்தாலும் சரி, திரும்ப வாங்க வழியில்லை. வேலை விசா, நீட்டிப்பு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மனைவி, பிள்ளைகளின் அனுமதி உங்கள் வேலையை ஒட்டியே இருப்பதால் அவர்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள்.

2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு வந்தபோது இந்த ஆபத்து கூடியது. அதற்கு முன்பு பெர்மிட் இல்லாமல் திரும்பினால் ஏர்போர்ட்டிலேயே கேள்வி வரும், விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். விலக்கு வந்த பிறகு, சுற்றுலாப் பயணி என்று முத்திரை குத்தி உள்ளே விட்டுவிட முடிகிறது. சில வாரம் கழித்து இமிகிரேஷன் ஆபீஸில்தான் விஷயம் வெடிக்கும். வருஷக்கணக்கில் இங்கே குடும்பம் நடத்துபவர்களே இதில் சிக்குவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பெர்மிட்டில் இரண்டு வகை. ஒரு முறை போய்வர 1,000 பாத். நீட்டிப்பு முடியும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வர 3,800 பாத். இரண்டுக்கும் டி.எம்.8 படிவம்தான். கணக்கு மட்டும் பார்த்தால், வருஷத்தில் மூன்று பயணம் வரை ஒற்றை பெர்மிட் மலிவு. நான்காவது பயணம் இருந்தால் பன்முறை பெர்மிட்.

ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. ஊரில் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று சாயங்காலம் போன் வந்தால், ராத்திரி சென்னை விமானத்தைப் பிடிக்கத்தான் தோன்றும். அந்த நேரத்தில் படிவம், போட்டோ, வரிசை என்று அலைய யாருக்கு மனம் வரும்? பன்முறை பெர்மிட் இருந்தால் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். வயதான பெற்றோர் ஊரில் இருப்பவர்களுக்கு, வருஷத்தில் ஒரு பயணமே திட்டமிட்டிருந்தாலும், நான் சொல்வது 3,800 பாத் பெர்மிட்தான்.

குடும்பமாக இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெர்மிட் ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் தனித்தனி. நான்கு பேருக்கும் பன்முறை எடுத்தால் 15,200 பாத். பள்ளி விடுமுறைக்கு ஒரே ஒரு முறை ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு அது அதிகம். கணவனுக்கும் மனைவிக்கும் பன்முறை, பிள்ளைகளுக்கு ஒற்றை என்று எடுத்தால் 9,600 பாத்தில் முடியும். மனைவிக்கும் பன்முறை ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். அவருக்கும் ஊரில் அம்மா அப்பா இருக்கிறார்கள்.

எங்கே எடுப்பது என்பதிலும் போட்டி உண்டு. பாங்காக்கில் இருப்பவர்களுக்கு சேங் வத்தனா அரசு வளாகத்தில் உள்ள இமிகிரேஷன் ஆபீஸ். நீட்டிப்புக்காகப் பெரும்பாலானவர்கள் எப்படியும் அங்கே போகத்தான் வேண்டும். அது கிடைத்த கையோடு பெர்மிட்டையும் எடுத்துவிடுவதுதான் சிறந்தது. முழு வருஷமும் பயன்படும், தனி அலைச்சலும் இல்லை. பத்தாவது மாதத்தில் எடுத்தால் அதே 3,800 பாத்துக்கு இரண்டு மாதம்தான் கிடைக்கும். நீட்டிப்பு முடிகிற தேதிதான் பெர்மிட்டுக்கும் கடைசித் தேதி.

சுவர்ணபூமி போன்ற பெரிய ஏர்போர்ட்டுகளிலும் கிளம்புகிற அன்றே எடுக்கலாம். அவசரத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் சோங்க்ரான் (ஏப்ரலில் வரும் தாய்லாந்துப் புத்தாண்டு), ஜனவரி புத்தாண்டுக் கூட்டத்தில் அதை நம்பிக்கொண்டு போவது வயிற்றைக் கலக்கும் வேலை. தரைவழி எல்லைகளை நம்பவே வேண்டாம். ரயிலிலோ பஸ்ஸிலோ எல்லை தாண்டப்போகிறீர்கள் என்றால் பெர்மிட் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

இந்த பெர்மிட் தொல்லையே இல்லாத வழிகளும் இருக்கின்றன. 2024 ஜூலையில் வந்த டி.டி.வி. (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) ஐந்து வருஷத்துக்குச் செல்லும். எத்தனை முறையும் போய்வரலாம், ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள். கட்டணம் சுமார் 10,000 பாத், கையிருப்பு 5,00,000 பாத் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிக்கு இங்கிருந்து வேலை செய்பவர்களுக்கு இது நல்ல வரம். தாய்லாந்துக் கம்பெனியில் சம்பளம் வாங்குபவர்களுக்கு இது ஆகாது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. நீட்டிப்பும் பெர்மிட்டும் வைத்திருப்பவர் தோன்றும்போது பயணம் போகிறார். டி.டி.வி.காரரை 180 நாள் கணக்கு வெளியே தள்ளுகிறது. டிக்கெட் விலை ஏறியிருக்கும் வாரத்தில் அந்தக் கெடு வந்தால் உல்லாசப் பயணம் கட்டாயப் பயணமாகிவிடும்.

பணம் கட்டி நீண்ட காலம் தங்கும் தாய்லாந்து பிரிவிலெஜ் உறுப்பினர் திட்டத்தில் ஐந்து வருஷ கோல்டு அட்டை 9,00,000 பாத். ஏர்போர்ட்டில் ராஜ மரியாதைதான். ஆனால் பெர்மிட் அலைச்சலைத் தவிர்க்க மட்டும் யாரும் அந்தப் பணத்தைக் கொட்டக்கூடாது. பத்து வருஷ எல்.டி.ஆர். (நீண்டகாலம் வசிப்பவர்) விசா 50,000 பாத். போய்வரும் அனுமதி அதிலேயே அடக்கம், 90 நாளுக்கு ஒரு முறை இமிகிரேஷனுக்குக் கொடுக்கும் முகவரி அறிக்கையை வருஷத்துக்கு ஒரு முறை கொடுத்தால் போதும். தகுதி இருந்தால் யோசிக்காமல் விண்ணப்பிக்கலாம். பல பிரிவுகளில் வருஷ வருமானம் 80,000 டாலர் கேட்கிறார்கள் என்பதுதான் தடை.

90 நாள் அறிக்கை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை நாட்டுக்குள் திரும்பும்போதும் அந்தக் கணக்கு புதிதாக ஒன்றிலிருந்து தொடங்குகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வெளியே போய்வருபவருக்கு அறிக்கை கொடுக்கும் வேலையே வராது. தாமதமானால் அபராதம் 2,000 பாத் என்பதால், அடிக்கடி பயணம் போகிறவர்களுக்குப் பன்முறை பெர்மிட் இந்த வகையிலும் லாபம்.

சரி, பெர்மிட் எடுத்தாயிற்று, எங்கே போகலாம்? இந்திய பாஸ்போர்ட்டில் போய்வரப் பக்கத்தில் இருப்பவை பினாங்கும் லாவோஸ் தலைநகர் வியந்தியானும். என் ஓட்டு பினாங்குக்கு. 2023 டிசம்பரிலிருந்து மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு தந்துவருகிறது. பாங்காக்கில் சாயங்காலம் ரயில் ஏறினால் காலையில் எல்லை ஊரான பாடாங் பெசார். இரண்டு நாட்டு இமிகிரேஷனும் ஒரே ஸ்டேஷனில். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் பட்டர்வொர்த், அப்புறம் படகில் ஜார்ஜ் டவுன். லிட்டில் இந்தியாவில் தமிழிலேயே பேசி வாழையிலையில் சாப்பிடலாம்.

வியந்தியான் அமைதியான ஊர், மீகாங் கரை அழகு. 2024 ஜூலையிலிருந்து பாங்காக்கிலிருந்து நேரடி ரயிலும் ஓடுகிறது. ஆனால் லாவோஸுக்கு ஒவ்வொரு முறையும் விசா எடுக்க வேண்டும். ஒட்டும் விசா என்றால் பாஸ்போர்ட்டில் ஒரு முழுப் பக்கம் போய்விடும். இப்படிச் சுற்றுபவர்கள் அடுத்த முறை 60 பக்க பாஸ்போர்ட்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது அதிகாரியிடம் பெர்மிட் முத்திரை இருக்கும் பக்கத்தைத் திறந்தே கொடுங்கள். குத்திக் கொடுத்ததும் அங்கேயே நின்று தேதியைப் பாருங்கள். உங்கள் நீட்டிப்பு முடியும் தேதி அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கவுன்டரை விட்டு நகராமல் அப்போதே சொல்லித் திருத்தி வாங்கிவிடுங்கள்.